மழை என்று ஒருவர்

பேருந்துப் பணிமனையின் டயர் பிரிவில் வேலை பார்த்த அவரை எல்லோரும் பேர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பேர் வாங்கிய மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். பணிமனைக்கு வெளியே அவரை நாய்கூடச் சீந்தாது. உள்ளே மட்டும் அவர் வைத்ததுதான் சட்டம், ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் பட்டப்பேர் வைக்கிறவர் அவர். அம்மா அப்பா வைத்த பேர் ஓட்டுப் போடவும் சம்பளம் வாங்கவும் ஆகும். பணிமனைக்குள் புழங்குவதற்குப் பேர்க்காரர் வைத்த பேர்தான் செல்லுபடியாகும்.

ஸ்டோர் கீப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். நட்டு கேட்டாலும் போல்ட்டு கேட்டாலும் அந்த மனிதர் முதலில் "இல்லைங்க" என்பார். பிறகு உள்ளே போய் அதையே எடுத்துக்கொண்டு வருவார். அவருக்கு இல்லைங்க என்றே பேர் அமைந்துவிட்டது. யாராவது ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டி "இல்லைங்க இருக்காரா?" என்று கேட்பார்கள். புதிதாக வந்தவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. இன்னொருவர் ஓட்டுநர். பிரேக்கை ஒரே மிதியாக மிதிப்பார், பேருந்தில் இருக்கிற அத்தனை பேரும் முன்னால் குனிந்து எழுந்திருப்பார்கள். அவர் கும்பிடு. எதைக் கேட்டாலும் மோவாயைத் தடவிக்கொண்டு "பார்ப்போம்" என்கிற மேலாளர், பார்ப்போம். "பார்ப்போமைப் பார்த்தாச்சா?" என்று கேட்டு அனுப்புவதில் ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது.

நடத்துநர் ஒரு பெண். அவள் டிக்கெட் கேட்டால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர்கள் சில்லறை எடுத்து வைத்துக்கொள்வார்கள், அப்படி ஒரு குரல். வேறு எவனாவது இருந்திருந்தால் லவுட் ஸ்பீக்கர் என்று வைத்துவிட்டுப் போயிருப்பான். பேர்க்காரர் நிறைய நாள் யோசித்து ரகசியம் என்று வைத்தார். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பும் அடுத்த நிறுத்தம் வரைக்கும் கேட்டது.

இதற்கு ஒரு முறை வைத்திருந்தார் அவர். உடம்பைப் பார்த்துப் பேர் வைக்க மாட்டார். குள்ளன், கறுப்பன், நொண்டி என்பதெல்லாம் சோம்பேறிகள் செய்கிற வேலை என்பார். ஆளைப் பார்க்க வேண்டும். எப்படி உட்காருகிறான், எதற்குக் கோபப்படுகிறான், தனியாக இருக்கும்போது என்ன முணுமுணுக்கிறான் என்று கவனிக்க வேண்டும். பேர் கிடைத்ததும் ஆளுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார். சிரிப்போடு திரும்பினால் அது அவனுடைய பேர். முகம் தொங்கிப்போனால் அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடுவார், ஆளை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார், அதற்கப்புறம் அது அவர் வாயில் வரவே வராது. இதையெல்லாம் ஒரு கலை என்று யாராவது சொல்லியிருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். கை டயரைக் கழற்றி மாட்டும்போது வாய் சும்மா இருப்பானேன் என்று செய்த காரியம் அது.

அவருடைய சொந்தப் பேர் ரொம்பச் சாதாரணமான பேர். பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்பில் மட்டும் அதே பேரில் இன்னும் சில பையன்கள் இருந்தார்கள். வாத்தியார் குழப்பம் வேண்டாமென்று ஒருத்தனைப் பெரியவன், ஒருத்தனைச் சின்னவன் என்று பிரித்துவிட்டு, கடைசியில் மிஞ்சின இவரை "மிச்சம்" என்று கூப்பிட்டார். படித்த காலம் முழுக்க அவர் மிச்சமாகவே இருந்தார். பணிமனைக்கு வந்து, இவராக ஒருவருக்குப் பேர் வைத்து, அந்த மனிதன் சிரித்தபடி திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த மிச்சம் என்கிற சொல் அவர் நெஞ்சை விட்டு இறங்கியது.

வீட்டில் இந்தத் திறமைக்கு மதிப்பு கிடையாது. அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் தையல்காரி, வாய் கத்தரியைவிடக் கூர்மை. "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் பேரு வைக்கிறீங்க, வீட்டு மின்விசிறிக்கு ஒரு ஸ்க்ரூ வைக்க மாட்டேங்கிறீங்க" என்பாள். அவளுக்கு மட்டும் அவர் பேர் வைத்ததில்லை. பயம்தான் காரணம் என்று அவள் தையல் கடையில் சொல்லிக்கொள்வாள், அவர் மறுக்கவில்லை.

பேருந்து கழுவுகிற இடத்துக்கு அந்தப் புது ஆள் வந்தபோது யாரும் அவனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒல்லியான ஆள், தரையைப் பார்த்தே பேசுவான். பேர் என்ன என்று கேட்டால் சட்டைக் காலருக்குள் சொல்லுவான். கேட்டவனுக்குக் காதில் விழாது, இன்னொரு தடவை கேட்க வாய் வராது. ஒப்பந்த ஆள் என்பதால் அவனுடைய வரவு செலவெல்லாம் வேறு ஊரில் இருக்கிற கான்ட்ராக்டரோடு. பணிமனை ஆபீஸில் அவனைப் பற்றி ஒன்றும் கிடையாது.

வந்த புதிதில் ஒரு நாள், தண்ணீர்க் குழாயின் வேகம் தெரியாமல் வால்வை முழுக்கத் திறந்துவிட்டான். ரப்பர் குழாய் அவன் கையை உதறிக்கொண்டு எழும்பியது. அந்தப் பக்கமாகத் தேய்த்த சட்டையோடு வந்த பார்ப்போமைத் தலையிலிருந்து கால்வரை நனைத்துவிட்டு விழுந்தது. பணிமனையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. புது ஆளுக்கு வேலை போயிற்று என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவன் முகத்தில் ரத்தம் இல்லை, அடி வாங்கத் தயாராக இருக்கிற பிள்ளை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அப்போது டயர் குவியலுக்குப் பின்னாலிருந்து பேர்க்காரர் சாவதானமாகச் சொன்னார்:

"என்ன சார் இது, இன்னைக்கு மழை வரும்னு யாருமே சொல்லலையே."

பார்ப்போம் மோவாயைத் தடவினார். மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு அவரே சிரித்துவிட்டார். அந்தப் புது ஆள் மெல்லத் திரும்பி, யார் சொன்னது என்று பார்த்தான். அவனும் சிரித்தான். நாள்கணக்கில் கவனிப்பது, பின்னால் நின்று சொல்லிப் பார்ப்பது எல்லாம் இந்த ஒருவன் விஷயத்தில் தேவைப்படவில்லை. அவன் அந்த நிமிடமே மழை ஆகிவிட்டான்.

சில பேர்கள் வைத்த இடத்திலேயே நிற்கும். இது வளர்ந்தது. அவன் வேலைக்கு வராத நாளில் "இன்னைக்கு வறட்சி" என்றார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால் "மேகமூட்டமா இருக்கு, பக்கத்துல போகாதீங்க" என்றார்கள். கல்யாணம் ஆகி விடுப்பு முடிந்து வந்தவனை "பருவமழை தொடங்கிடுச்சு" என்று ரகசியம் வாசலிலேயே அறிவித்தாள், தெரு முழுக்கக் கேட்டது. பார்ப்போம்கூட, இதையெல்லாம் கண்டிக்க வேண்டிய இடத்தில் இருப்பவர், "மழையை வரச் சொல்லு" என்று ஆள் அனுப்ப ஆரம்பித்தார்.

அவனும் அந்தப் பேருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறினான். தரையைப் பார்த்துப் பேசுகிறவன் நிமிர்ந்து பதில் சொல்லப் பழகினான். "மழை நின்னுடுச்சா?" என்று கேட்டால், "தூறல் இருக்கு, குடை எடுத்துட்டு வாங்க" என்பான். கழுவ வரிசையில் நிற்கிற பேருந்துகளின் பின்கண்ணாடியில் தூசி அப்பியிருக்குமே, அதில் விரலால் அன்றைய வானிலையை எழுதி வைப்பான். 'மாலையில் இடி, மேலாளர் அறைப் பக்கம்.' 'கிழக்கே ரகசியம், பலத்த காற்று.' எழுதி எல்லோரும் படித்துச் சிரித்த பிறகு தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவான். தினமும் அழிந்துபோகிற அந்த வரிகளுக்காகவே ஷிப்ட் முடிந்தவர்கள் சிலர் வீட்டுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நாள் முழுக்க எண்ணெயிலும் புகையிலும் கிடப்பவர்கள் இப்படி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளாவிட்டால் எப்படித்தான் தாங்குவது?

மத்தியானச் சாப்பாடு அவனும் பேர்க்காரரும் சேர்ந்துதான். பழைய டயர்களை அடுக்கி மேலே பலகை போட்ட மேஜை. அவர் இவனை "டேய் மழை" என்பார், இவன் அவரை "பேர்க்காரரே" என்பான். அவ்வளவு வருஷத்தில் ஒருவருக்கொருவர் வேறு பேர் தேவைப்படவில்லை, கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஒரு தடவை அவன் மனைவி, அவன் மறந்து விட்டுவிட்டு வந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் காவலாளியிடம் அவனுடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார். வேறு பணிமனையாக இருக்கும், போய்ப் பாரும்மா என்று வழி வேறு காட்டினார். அவள் பயந்துபோய், பஸ் கழுவுறவருங்க, ஒல்லியா இருப்பாருங்க என்று அழாத குறையாகச் சொன்ன பிறகுதான், "அட, நம்ம மழையா. அதை முதல்லயே சொல்றதுக்கென்ன" என்று உள்ளே விட்டார். இந்தக் கதையை மாதக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். பேர்க்காரருக்கு அதில் பெருமைகூட இருந்தது. பெற்றவர்கள் வைத்த பேரையே தோற்கடித்துவிட்டோம் என்று மனைவியிடம் போய்ச் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவன் அம்மா கேட்டா சந்தோஷப்படுவா" என்றாள்.

அதன் பிறகு அந்தப் பெண் வாசலில் வந்து "மழை இருக்காருங்களா?" என்றுதான் கேட்பாள். பேர்க்காரரை அவள் அண்ணா என்று கூப்பிட்டாள். வீட்டில் அவனும் அவரைப் பற்றி "உங்கண்ணன்" என்றே பேசிப் பழகியிருந்தான்.

ஒரு மத்தியானம் மழை சோப்புத் தூள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் தெருமுனைப் பழக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"உங்க தண்ணி அடிக்கிறவரு ரோட்டுல கிடக்கிறாருங்க" என்றார்.

காவலாளி, "இங்க யாருதான் அடிக்கலை" என்றார். பழக்காரர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. திரும்புகிற லாரி இடித்துவிட்டது, யாரோ ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், கைப்பேசி நசுங்கி ரோட்டில் கிடக்கிறது. பேர்க்காரர் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினார். கும்பிடு தன்னுடைய இரண்டு சக்கர வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு பறந்தார்.

ஆஸ்பத்திரியில் நுழைகிற இடத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நோயாளியின் பேரைச் சொன்னால்தான் எந்த வார்டு என்று சொல்லி அனுமதிச் சீட்டு தருவாள், சீட்டு இல்லாமல் காவலர்கள் மாடிப்படியில் கால் வைக்க விட மாட்டார்கள். முன்னால் நின்றவர்களைக் கெஞ்சி விலக்கிக்கொண்டு பேர்க்காரர் ஜன்னலில் முகத்தை வைத்தார்.

"ரோட்டுல அடிபட்டு மத்தியானம் ஒருத்தர் வந்திருக்காரும்மா."

"நிறையப் பேரு வந்திருக்காங்க. பேரு சொல்லுங்க."

பேர்க்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கும்பிடைத் திரும்பிப் பார்த்தார். கும்பிடு அவரைப் பார்த்தார்.

"மழை" என்றார்.

அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே எட்டி வானத்தைப் பார்த்தாள். "இல்லையே, வெயில்தானே அடிக்குது. பேரைச் சொல்லுங்கய்யா."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். பேர்க்காரருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவ்வளவு பேருக்கு அவ்வளவு பேர் வைத்தவர், ஒரே தட்டில் கை நனைத்தவனின் பேர் தெரியாமல் அந்த ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீல உடுப்பு என்றார், ஒல்லியான ஆள் என்றார், பஸ் கழுவுகிறவன் என்றார். அந்தப் பெண் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. பொறுமையாகவே கேட்டாள்.

"நெனவோட வந்தவங்க பேரைச் சொல்லியிருப்பாங்க, அந்தப் பேருல பதிஞ்சு வார்டுக்குப் போயிடுவாங்க. பேரு சொல்ல முடியாதவங்க தனியா கீழே இருக்காங்க. உங்க ஆளு பேரைச் சொல்லியிருப்பாரா, மாட்டாரா?"

இந்த இடத்தில்தான் பேர்க்காரர் தவறினார். அவருக்குத் தெரிந்த மழை சட்டைக் காலருக்குள் பேர் சொல்கிறவன். அதற்குப் பிறகு அந்தப் பேரைத் தன் வாயால் எவரிடமும் சொல்லாதவன். அவர் யோசிக்காமல் சொன்னார்:

"அவன் பேரைச் சொல்ற ஆளே கிடையாதும்மா."

அவள் கீழ்த் தளத்துக்குச் சீட்டுக் கொடுத்தாள்.

கும்பிடு மழையின் வீட்டைத் தேடிப் போனார். பேர்க்காரர் கீழே போனார். அங்கே கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். முகம் முழுக்கக் கட்டுப் போட்ட ஒரு ஆள் இருந்தான், அதே உடல்வாகு. காதருகே குனிந்து "டேய் மழை" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அசைவில்லை. கையைப் பார்த்தார், தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப்போன கை இல்லை அது. நகர்ந்தார். பணிமனைக்குப் போன் போட்டார். ரகசியம் எடுத்து, பிரிவு பிரிவாக ஓடி எல்லோரையும் கேட்டாள். மழையின் பேர் என்ன என்று அவள் கத்திக் கேட்பது போனில் அவருக்குக் கேட்டது. யாருக்கும் தெரியவில்லை. டிபன் பாக்ஸ் வந்த அன்று அந்தப் பேரைக் காதால் கேட்ட காவலாளிக்கும் அது நினைவில் இல்லை. பார்ப்போம் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அந்த ஆள் எடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் பேர்க்காரரைப் பிணவறைக்கும் அழைத்துப் போனார்கள். துணியை விலக்கிக் காட்டும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு உயிர் போய் வந்தது. இல்லை, இவன் இல்லை, இவனும் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் வருகிற அந்தச் சந்தோஷத்துக்காக அவர் பிற்பாடு தன்னைத்தானே எவ்வளவு சபித்துக்கொண்டார் என்று சொல்லி முடியாது.

கும்பிடு போன இடத்தில் வீடு பூட்டியிருந்தது. மனைவி தங்கையின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் அவர்களுக்கும் "பஸ் டிப்போக்காரர்" தான். வீட்டுச் சொந்தக்காரம்மாவைத் தேடிப் பிடித்து, அவளிடம் அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கி, தொடர்பு கிடைத்து, அழுகைக்கு நடுவே அந்தப் பெண் தன் கணவனின் பேரைச் சொல்லி, அதைக் கும்பிடு போனில் பேர்க்காரரிடம் சொன்னபோது வெயில் தாழ்ந்துவிட்டது.

பேர்க்காரர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ரொம்ப சாதாரணமான பேர். அவருடைய சித்தி மகனுக்கும் அதே பேர்தான். அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்.

அந்தப் பெண் ஒரு நொடியில் கண்டுபிடித்தாள். "மேலே, ரெண்டாவது மாடி. மத்தியானமே வந்துட்டாரே. பேரு, விலாசம் எல்லாம் தெளிவாச் சொல்லியிருக்காரே" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மேலே போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். கொஞ்சம் முன்னால்தான், என்றார்கள். அவனைப் பார்க்க யாராவது வந்தார்களா என்று பேர்க்காரர் கேட்டார். யாரும் வரவில்லை என்றார்கள்.

மழையை எடுத்த பிறகு பணிமனைக்குத் திரும்பிய பேர்க்காரர் வேறு ஆள். முதல் வேலையாக ஒவ்வொருவரிடமும் போய்ச் சொந்தப் பேரைக் கேட்டார். ஸ்டோர் கீப்பரிடம் கேட்டார், காவலாளியிடம் கேட்டார், கூச்சத்தோடு சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தப் பேர்களைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கும்பிடைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த மனிதர் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். பேர்க்காரரைப் பார்த்து மற்றவர்களும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். பின்கண்ணாடிகளில் தூசி அப்படியே இருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

ரகசியத்துக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், டயர் மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்த அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தப் பேரு எனக்கு நீங்க கொடுத்தது. கொடுத்துட்டு இப்போ திருப்பி வாங்கிக்கிறீங்களா?"

"நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பேரைச் சொல்லி உன்னைக் கண்டுபிடிக்க முடியாதும்மா."

"கண்டுபிடிக்காட்டிப் போகுது. உசுரோட இருக்கிறப்போ கூப்பிடறதுக்கு எனக்கு அது வேணும்" என்றாள். முதல் தடவையாக அவள் குரல் பக்கத்து மேஜைக்குக் கேட்கவில்லை. அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

வீட்டிலும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி சில நாள் பார்த்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"பேரு வச்சது தப்பில்லைங்க. பழைய பேரு என்னன்னு ஒரு தடவைகூடக் கேக்காம விட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு. அதை வச்சுக்கிட்டு அழுங்க. பேரு வச்சதையும் சேத்து அழாதீங்க."

அவள் சொன்னது சரிதான் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அழுகைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் மழையின் மனைவி வந்தாள். அவனுடைய மாற்றுச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் பணிமனையில் இருந்தன, அவற்றை எடுத்துப் போக வந்தாள். பேர்க்காரரே எடுத்து வைத்திருந்தார். பூட்ஸைக் கழுவித் துடைத்து ஒரு பைக்குள் போட்டிருந்தார். டயர் மேஜைப் பக்கம் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாள்கணக்காக ஒத்திகை பார்த்திருந்தார். இனிமேலாவது மரியாதையாகச் சொல்வோம் என்று, அவளுடைய கணவனின் சொந்தப் பேரைச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தார்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அந்தப் பேரு வேண்டாம்ணா."

"இல்லைம்மா, அதுதானே அவன்..."

"அவங்க சித்தப்பா வீட்டுல வளந்தாருண்ணா. அந்தப் பேரைச் சத்தமாக் கூப்பிட்டா அடி விழப் போகுதுன்னு அர்த்தமாம். கல்யாணமான புதுசுல நான் ஆசையா ஒரு தடவை சொல்லிக் கூப்பிட்டுட்டேன். அப்படியே தோளைக் குறுக்கிட்டு நின்னாரு. அதுக்கப்புறம் எனக்கு அப்படிக் கூப்பிட வாய் வரலை. மழைன்னு சொல்லலாம்னு ஆனதுக்கப்புறம்தான் எங்க வீட்டுக்குள்ள பேருன்னு ஒண்ணு வந்துச்சு. நானும் கூப்பிடுவேன். கதவைத் திறக்கும்போதே சிரிச்சிட்டு வருவாரு."

பேர்க்காரர் பையின் கைப்பிடியைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

கழுவுகிற இடத்தில் புது ஆள் யாரோ பேருந்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியலைண்ணா. உங்களைக் கேக்கலாம்னுதான் நானே வந்தேன். அங்க அவரைப் பாத்துக்கிட்ட நர்ஸம்மாவைப் போய்ப் பாத்தேன். நெனவு இருந்த வரைக்கும் பேரு, பேருன்னே சொல்லிட்டு இருந்தாராம். மூஞ்சில மாஸ்க் மாட்டியிருந்ததால அதுக்கு மேல என்ன சொன்னாருன்னு அவங்களுக்கு விளங்கலை. உங்க பேரு எழுதியாச்சுங்க, கவலைப்படாதீங்கன்னு இவங்களும் சொல்லிட்டே இருந்திருக்காங்க. அவரு இல்லை இல்லைன்னு தலையை ஆட்டிட்டு, திரும்பவும் பேருங்கிறாராம். அந்தப் பேரே பிடிக்காத மனுஷன், எதுக்குண்ணா அதையே கேட்டுட்டு இருந்தாரு?"

பேர்க்காரர் எழுந்து நின்றார். பிறகு மறுபடியும் உட்கார்ந்தார். அழுக்குக் கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கரி.

"அவன் பேரைக் கேக்கலைம்மா" என்றார். "இங்க என்னை யாரும் சொந்தப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. பேர்க்காரருன்னுதான் சொல்லுவாங்க. என்னோட வேற பேரு அவனுக்கும் தெரியாது."

அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களைக் கூப்பிட்டிருக்காரா?"

"என்னைத்தாம்மா கூப்பிட்டிருக்கான்."

"அப்போ நீங்க எங்கண்ணா இருந்தீங்க?" அவள் குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அங்கதாம்மா இருந்தேன்" என்றார் அவர். "கீழே, பேரு தெரியாதவங்க பக்கம் தேடிட்டு இருந்தேன்."